பட்டத்துக்கும் பணிக்கும் நடுவே

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் பங்குக் கோயிலின் முற்றத்தில் மக்கள் ஒருவரையொருவர் நலம் விசாரித்து நிற்பது வழக்கம். அவ்வேளையில் சில பெற்றோர் மட்டும் யாரையும் ஏறிட்டுப் பாராமல் விரைந்து வீடு திரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். "மகனுக்கு எங்கே வேலை?" என்னும் கேள்விக்கு அவர்கள் அஞ்சுகின்றனர். மகன் கணிப்பொறி இயலில் பட்டம் பெற்றவன். நான்காண்டுப் பொறியியலோ, மூன்றாண்டு பி.எஸ்சி., பி.சி.ஏ. படிப்போ முடித்துவிட்டான். சான்றிதழ் வந்துவிட்டது; வேலை வரவில்லை. ஆறு திங்கள் கழிந்தன, எட்டுத் திங்கள் கழிந்தன. வீட்டில் பேச்சுக் குறைந்து பெருமூச்சு மிகுந்துவிட்டது.

இந்த இடைக்காலத்தைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறோம். பட்டம் பெறும்வரை பிள்ளைக்கு என்னென்ன தேவை என்பது நம் குடும்பங்களுக்கு நன்கு தெரியும். கட்டணம், பேருந்துச் செலவு, தேர்வு நாளில் ஒரு செபம். பட்டத்துக்கும் முதல் வேலைக்கும் நடுவே என்ன தேவை என்பதுதான் தெரிவதில்லை. அந்தத் தெரியாமையால் வீட்டில் பிறக்கும் வசைகளும், முகவரிடம் கொட்டிக் கொடுக்கும் பணமும், மகளுக்கு அவசர அவசரமாக முடிக்கும் திருமணமும் வேலையின்மையைக் காட்டிலும் கொடிய துன்பங்களாகிவிடுகின்றன.

ஊரும் அதன் பிள்ளைகளும்

திருவண்ணாமலையை எண்ணிப் பாருங்கள். கோயிலை நடுவாகக் கொண்டு வளர்ந்த நகரம் அது. மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர்ப் பாதையும், முழுநிலா நாள்களில் அங்குத் திரளும் அடியார் கூட்டமும், அக்கூட்டத்தை நம்பி வாழும் கடைகளும் விடுதிகளும் நகரத்தின் பிழைப்பில் பெரும்பங்கு. நகரைத் தாண்டினால் நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் நிலம். ஆரணியில் பட்டுத் தறி, வந்தவாசிப் பக்கம் கோரைப்பாய். ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் மென்பொருள் நிறுவனம் எதுவும் இங்கில்லை. ஆனால் கணிப்பொறி படித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. நகரிலுள்ள அரசு கலைக் கல்லூரி, அருணை பொறியியல் கல்லூரி, வேட்டவலத்து லொயோலா கல்லூரி எனப் பல நிலையங்களிலிருந்து ஆண்டுதோறும் இளைஞர்கள் வெளிவருகின்றனர். தண்டராம்பட்டு, செங்கம், கலசப்பாக்கம், கீழ்பென்னாத்தூர் எனச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து தினமும் பேருந்தில் வந்து படித்தவர்கள். பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள்.

அவர்கள் படித்து முடிக்க அரசும் கைகொடுத்தது. முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் 2010 முதல் கட்டணச் சலுகை. அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் சேர்க்கையில் 2021 முதல் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின்கீழ் மாதம் ஆயிரம் ரூபாய். இவையெல்லாம் கல்லூரி வாசலோடு நின்றுவிடுகின்றன. வாசலுக்கு வெளியே நிற்பவனுக்கு வழி சொல்ல வீட்டில் எவருமில்லை. தந்தை நிலத்தை அறிவார், தாய் வீட்டை அறிவார். மென்பொருள் நிறுவனம் ஆளெடுக்கும் முறையை அவர்கள் எங்ஙனம் அறிவார்கள்?

வேலை இருக்கும் இடமோ தொலைவு. சென்னைக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கும் ஏறத்தாழ அதே தொலைவுதான். சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை ஓடிய பயணிகள் ரயில் 2024 மே மாதம் முதல் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது ஏழை மாணவர்க்குப் பேருதவி. ஒரு சிறு குறிப்பையும் இங்கே சேர்க்கிறோம். நேர்முகத் தேர்வுக்குச் செல்வோர் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுப் புறப்படுக. முழுநிலாவுக்கு மறுநாள் விடியலில் கிரிவலம் முடித்த பெருங்கூட்டம் சென்னை வண்டிகளில் ஏறும். காலை 9 மணிக்குச் சிறுசேரியில் நிற்க வேண்டியவன் முந்தின நாளே கிளாம்பாக்கம் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.

அதே பட்டம், வேறு ஆண்டு

முந்தைய தலைமுறைக்கு ஒரு தெளிவான ஏணி இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியபின் தட்டச்சு நிலையத்தில் சேர்ந்து 'லோயர்', 'ஹையர்' தேறி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டால், என்றேனும் ஒருநாள் ஓர் அஞ்சலட்டை வரும் என்ற நம்பிக்கை இருந்தது. சான்றிதழே வேலையின் முன்பணம். அந்த எண்ணத்தோடேயே இன்றைய பெற்றோரும் மகனின் பட்டத்தைப் பார்க்கின்றனர். "பி.இ. முடித்தவனுக்கு வேலையில்லையென்றால் குறை அவனிடம்தான்" என்று முடிவு கட்டுகின்றனர்.

அவர்கள் அப்படி நினைக்க ஒரு காரணமும் உண்டு. டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ், அதாவது டி.சி.எஸ்., 1968-இல் தோன்றியது. காக்னிசன்ட் 1994-இல் சென்னையிலேயே தொடங்கியது. தரமணியில் டைடல் பூங்கா 2000-ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்டது. அதன்பின் வந்த ஆண்டுகளில் நிறுவனங்கள் கல்லூரிகளுக்கே வந்து, இயந்திரவியல், கட்டடவியல் படித்தவர்களைக்கூட மென்பொருள் பணிக்கு அள்ளிச் சென்றன. அடுத்த தெருப் பையன் அப்படித்தான் போனான். இன்று வீடு கட்டிவிட்டான். நம் பையன் மட்டும் ஏன் போகவில்லை?

விடையை எண்களே சொல்லும். 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். நிறுவனத்தின் ஊழியர் தொகை நிகரமாக 1,03,546 கூடியது. 2023-24-இல் அதே நிறுவனத்தில் அத்தொகை 13,249 குறைந்தது. அதே ஆண்டு இன்போசிஸ் நிறுவனத்தில் 25,994 பேர் குறைந்தனர். மறு ஆண்டு டி.சி.எஸ். மீண்டும் கூடியது, ஆனால் ஆறாயிரத்துச் சொச்சம் மட்டுமே. கல்லூரி ஒன்று, பாடம் ஒன்று, மதிப்பெண்ணும் ஒன்று எனினும் 2021-இல் பட்டம் பெற்ற அண்ணனுக்கும் 2023-இல் பட்டம் பெற்ற தம்பிக்கும் திறந்த கதவுகள் ஒன்றல்ல. நம் நாட்டு மென்பொருள் நிறுவனங்களின் வேலையில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்கள் தருவது. அங்குள்ள வங்கியும் வணிக நிறுவனமும் செலவைச் சுருக்கினால், செங்கத்துப் பையனுக்கு வரவேண்டிய அழைப்பு நின்றுவிடுகிறது. மானாவாரி நிலத்தில் உழைப்பவருக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

இதனோடு இன்னொன்றும் சேர்ந்தது. 2022 நவம்பர் இறுதியில் 'சாட்ஜிபிடி' வெளிவந்தபின், எளிய நிரல்களை எழுதுவதும் சோதிப்பதும் இயந்திரமே செய்யும் காரியமாகி வருகின்றன. புதிதாகச் சேர்ந்தவனுக்குப் பழக்கத்துக்கென்று கொடுத்த சிறு வேலைகள் இவைதாம். எனவே நிறுவனங்கள் புதியவர்களைச் சேர்க்கத் தயங்குகின்றன. சேர்ப்பவரிடமும் கூடுதலாக எதிர்பார்க்கின்றன. இயந்திரம் எழுதித் தந்த நிரல் சரியா, பிழையா என்று படித்துச் சொல்லத் தெரிந்தவனுக்கு மதிப்பு உண்டு. அடிப்படை அறியாமல் எழுதி வாங்கிக்கொண்டு மட்டும் வருபவனை முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகின்றனர்.

வாயில்கள்

பெருநிறுவனங்கள் ஆளெடுக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே. முதலில் ஒரு வடிகட்டல்: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு, நிலுவைத் தாள் இல்லாமை. மாணவர் 'அரியர்' என்று வழங்கும் அந்த நிலுவைத் தாள் ஒன்றே பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அதை எழுதி முடிப்பதே மற்றெதற்கும் முந்திய வேலை. அடுத்து இணையவழித் தேர்வு. கணக்கு, தருக்கம், ஆங்கிலம், அதன்பின் நிரல் எழுதுதல். தேறினால் தொழில்நுட்ப நேர்முகம்; அதன்பின் பொது நேர்முகம். எல்லாம் முடிந்து வேலை உத்தரவு வந்தாலும் பணியில் சேரும் நாள் பல திங்கள் தள்ளிப் போகலாம்.

உத்தரவு கையில் இருப்பதாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2022-இல் இன்போசிஸ் தேர்ந்தெடுத்த இளைஞர் பலர் ஏறத்தாழ ஈராண்டு காத்திருந்து, 2024-இன் பிற்பகுதியில்தான் மைசூர்ப் பயிற்சி மையத்தில் சேர்ந்தனர். 2025 பிப்ரவரியில், உள்தேர்வில் மூன்று வாய்ப்புகளிலும் தேறவில்லை என்று அவர்களுள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். ஈராண்டு காத்திருப்பில் படித்ததை மறந்தவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ! உத்தரவு வந்தபின்னும் புத்தகத்தை மூடலாகாது. வேறு முயற்சிகளையும் விடலாகாது.

வளாகத் தேர்வில் தவறியவர்க்குக் கதவுகள் அடைபட்டுவிடவில்லை. டி.சி.எஸ். நடத்தும் தேசியத் தகுதித் தேர்வைக் கல்லூரியின் துணையின்றியே எழுதலாம். மூன்றாண்டுப் பட்டதாரிகளைச் சேர்த்து, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கும் திட்டம் விப்ரோவில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. பணி ஒப்பந்த ஆண்டுகளை மட்டும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுக. பட்டத்தையே பெரிதாகக் கருதாத நிறுவனமும் உண்டு. சோகோ 2005 முதல் பள்ளிப் படிப்பும் பட்டயமும் முடித்தவர்களைத் தன் பயிற்சிப் பள்ளியில் உதவித்தொகையோடு சேர்த்துப் பணிக்கு எடுக்கிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-இல் அலுவலகமும் திறந்தது. நம் மாவட்டத்துக்கு அருகே விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துத் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டுள்ளது.

பலரும் அறியாத வழி ஒன்றுண்டு. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், புதிய பட்டதாரிகள் ஓராண்டு பயிற்சி பெறும் தேசியத் திட்டம் நடைபெறுகிறது. தென்மண்டல வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. பொறியியல் பட்டதாரிகளே அன்றி, கலை, அறிவியல் பட்டதாரிகளும் பதிவு செய்யலாம். பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகை என்று 2019-ஆம் ஆண்டு விதி வகுத்தது. தொகை சிறிதே. ஆனால் ஓராண்டு முடிவில் கையில் கிடைக்கும் சான்று, 'அனுபவம் உண்டா?' என்ற கேள்விக்கு மறுமொழியாகிறது. அலுவலக நேரம், குழுவோடு பணி, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் என்று வகுப்பறை சொல்லித் தராதவை அங்கே பழகிவிடும்.

"நீ செய்தது எது?"

நேர்முகத் தேர்வில் எல்லாப் பிள்ளைகளையும் தடுமாற வைக்கும் கேள்வி இதுவே. இறுதியாண்டில் செய்ததாகக் காட்டும் 'ப்ராஜெக்ட்' பல இடங்களில் கடையில் பணம் கொடுத்து வாங்கியது. அட்டைபோட்டுத் தங்க எழுத்தில் பெயர் பொறித்த அந்தத் தொகுப்பைப் பெற்றோர் பெருமையோடு அலமாரியில் வைத்திருப்பர். அதைப் பற்றித் தேர்வாளர் கேட்கும் இரண்டாவது கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் இராது. இந்த வழக்கத்துக்குக் கல்லூரிகள் கண்ணை மூடிக்கொண்டிருப்பது முறையன்று என்பது நம் கருத்து.

காத்திருக்கும் மாதங்களில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், சிறிதாயினும் சொந்தமாக ஒன்றைச் செய்து முடிப்பதுதான். பெரிய யோசனை வேண்டா. பால் கூட்டுறவுச் சங்கத்தில் அன்றாடம் அளக்கும் பாலின் கணக்கு, ஆரணிப் பட்டு வியாபாரியின் இருப்புப் பட்டியல், அன்பியத்தின் சந்தா வரவு என்று நம்மைச் சுற்றிலும் ஏட்டில் நடக்கும் கணக்குகள் எத்தனையோ! பங்கு அலுவலகத்தையே எடுத்துக்கொள்வோம். திருமணத்துக்கு ஞானஸ்நானச் சான்று கேட்டு வருபவருக்காக முப்பது ஆண்டுப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகின்றனர். பெயரையும் ஆண்டையும் கொடுத்தால் பதிவேட்டின் பக்க எண்ணைச் சொல்லும் ஒரு சிறு நிரலை நம் பையன் எழுதித் தரலாம். எழுதும்போது அவனுக்குத் தெரியவரும்: ஒரே பெயரில் பதினைந்து பேர், அந்தோணி என்றும் அந்தோனி என்றும் இருவகை எழுத்து, பிறந்த தேதி இல்லாத பழைய பதிவுகள். இவற்றை எவ்வாறு சமாளித்தான் என்று சொல்லும்போது தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார். பாடநூலில் இல்லாத இடர்கள் அவை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க: மக்களின் உண்மைப் பெயர்களையும் விவரங்களையும் பொது இணையத்தில் ஏற்றலாகாது. 'கிட்ஹப்' போன்ற தளத்தில் நிரலை வைத்துக் காட்டும்போது கற்பனைப் பெயர்களையே இடுக.

கற்கப் பணமில்லை என்பார்க்கும் வழியுண்டு. மேனிலைப் பள்ளிப் பாடநூலிலேயே பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழி இருக்கின்றன, தமிழிலும் கிடைக்கின்றன. அடிப்படை ஆட்டம் காண்பவன் வெட்கப்படாமல் அங்கிருந்தே தொடங்கலாம். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் 'என்.பி.டெல்' பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். தேர்வெழுதிச் சான்று பெறவே கட்டணம். தமிழக அரசு 2022 மார்ச் முதல் நாள் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் பயிற்சிகள் உள்ளன; கல்லூரியில் இருக்கும்போதே பயன்படுத்திக்கொண்டவர் பாக்கியவான்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு சொல். தமிழ்வழியில் படித்த பிள்ளை பொது அறிவிலோ கணக்கிலோ தோற்பதில்லை. வாய் திறப்பதில் தோற்கிறான். உலக விவகாரங்களை எல்லாம் ஆங்கிலத்தில் பேச அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. தான் செய்த பணியைப் பத்து நிமிடம் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் போதும். அதை எழுதி, நாள்தோறும் உரக்கச் சொல்லிப் பழகட்டும். வீட்டில் யாருக்கும் புரியாவிட்டாலும் தங்கையை எதிரே உட்கார வைத்துச் சொல்லட்டும். கோயிலில் வாசகம் வாசித்துப் பழகிய பிள்ளைகளுக்குக் கூட்டத்தின்முன் நிற்கும் கூச்சம் குறைவாயிருக்கும். அது ஒரு நன்மை.

சம்பளக் கணக்கு

'ஐ.டி. வேலை' என்றதும் ஊரார் மனத்தில் எழும் தொகை வேறு, முதல் மாதம் கையில் வரும் தொகை வேறு. டி.சி.எஸ். தொடக்க நிலைப் பணிக்குப் பல ஆண்டுகளாக வழங்கிவந்தது ஆண்டுக்கு 3 லட்சத்து 36 ஆயிரம். மாதத்துக்கு 28,000, வருங்கால வைப்புநிதி முதலியன போக வருவது அதினும் குறைவு. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் மூன்றாண்டுப் பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 2 லட்சத்து 52 ஆயிரம் என்று அறிவித்தபோது நாடெங்கும் எள்ளல் எழுந்தது. பொறியியல் பட்டதாரிக்கு 4 லட்சம் முதல் 12 லட்சம் வரை என்று அந்நிறுவனம் விளக்கம் தந்தது. அந்த 2 லட்சத்து 52 ஆயிரத்தை மாதத்துக்குப் பிரித்தால் 21,000. சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் பேருந்தும் இதற்குள் அடங்க வேண்டும்.

கல்விக் கடனையும் சேர்த்துப் பார்ப்போம். 4 லட்சம் ரூபாய்க் கடனைப் பத்து விழுக்காடு வட்டியில் பத்தாண்டில் அடைக்க, மாதத் தவணை ஏறத்தாழ 5,300 ரூபாய். வங்கிகளின் பொதுக் கல்விக்கடன் திட்டத்தில், படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்குவதில்லை. அந்த ஓராண்டு முடியும் தறுவாயிலும் வேலை அமையாவிட்டால், பதுங்கிக்கொள்ளாமல் தந்தையும் மகனுமாகச் சென்று மேலாளரைக் காண்க. தவணையைத் திருத்தியமைக்கக் கேட்க வங்கிக்கு முன்னரே போனவருக்கு ஒரு மரியாதை. நோட்டீசு வந்தபின் போனவருக்கு வேறு.

திருவண்ணாமலையிலேயே ஒரு சிறு அலுவலகத்தில் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு இணையப் பக்கங்கள் அமைக்கும் வேலை கிடைத்தால் ஏற்கலாமா? ஏற்கலாம் என்பதே நம் துணிபு. வீட்டுச் சோறு, கைச்செலவு, அதற்குமேல் அனுபவம். 'படித்த படிப்புக்கு இதுவா?' என்று கேட்கும் உறவினர் எவரும் மாதத் தவணை கட்டப்போவதில்லை. ஆனால் விளம்பரங்களில் காணும் 'மெடிக்கல் கோடிங்' என்பது நிரல் எழுதும் பணியன்று. மருத்துவர் குறிப்புகளைக் காப்பீட்டுக்குரிய குறியீட்டெண்களாக மாற்றும் வேலை அது; உயிரியல் படித்தவர்க்குப் பொருந்தும் நேர்மையான தொழில். பெயரில் 'கோடிங்' இருக்கிறதே என்று கணிப்பொறிப் பட்டதாரியைப் பணம் கட்டிச் சேர்த்துவிட வேண்டாம்.

பணம் கேட்கிறவர்கள்

காத்திருக்கும் வீட்டின் கவலை, மோசடிக்காரனின் முதலீடு. 'நூறு விழுக்காடு வேலை உறுதி' என்று ஐம்பதாயிரம் கேட்கும் பயிற்சி நிலையம், 'பின்வாசல்' வழியாக உள்ளே நுழைத்துவிடுவதாக இரண்டு லட்சம் கேட்கும் இடைத்தரகர், மடிக்கணினிக்கு முன்வைப்பு என்று கேட்கும் போலி மின்னஞ்சல், இவையெல்லாம் ஒரே கூட்டத்தின் பல முகங்கள். டி.சி.எஸ்., இன்போசிஸ் போன்ற நிறுவனங்கள் வேலைக்கு எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்று தாமே பகிரங்கமாக எச்சரிக்கின்றன. அப்படியிருக்க, அவர்கள் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவன் யார்? அசல் சான்றிதழ்களை எவரிடமும் விட்டு வரலாகாது. சரிபார்த்தபின் கையோடு வாங்கி வருக.

வெளிநாட்டு மோகத்தில் மோசம் போனவர் நிலை இன்னும் கொடிது. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை, மார்க்கெட்டிங் வேலை என்று சமூக வலைத்தளங்களில் வந்த விளம்பரத்தை நம்பிச் சென்ற கணிப்பொறி அறிந்த இந்திய இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடிப் பகுதியில் சிறைப்பட்டனர். இணைய மோசடி செய்யுமாறு அங்கே அவர்கள் வற்புறுத்தப்பட்டனர். வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பர் 24 அன்று எச்சரிக்கை வெளியிட்டது. மீட்கப்பட்டவர்களில் தமிழர் 13 பேர் அவ்வாண்டு அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தனர். வெளிநாட்டுக்கு ஆளெடுக்கும் முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவரா என்று அரசின் 'இ-மைகிரேட்' தளத்தில் பார்த்துவிடலாம். சுற்றுலா விசாவில் வேலைக்கு வா என்று அழைத்தால் அப்போதே பேச்சை முடித்துவிடுக.

பணி ஒப்பந்தத்தையும் வெறும் காகிதம் என்று எண்ண வேண்டாம். மூன்றாண்டு முடியுமுன் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று விஜயா வங்கி விதித்திருந்த நிபந்தனை செல்லுபடியாகும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குக்கு வழக்கு நிலைமை வேறுபடும் என்பது உண்மையே. எனினும் கையெழுத்திடுமுன் எல்லாப் பக்கங்களையும் வாசிக்கும் பொறுமை வேண்டும்.

மகள் காத்திருக்கும்போது

மகன் ஓராண்டு காத்திருந்தால் 'முயல்கிறான்' என்கிறோம். மகள் காத்திருந்தால் ஜாதகம் பார்க்காத நம் வீடுகளிலும் தரகர் வந்துவிடுகிறார். மகளின் படிப்புக்குச் செலவிட்டதும் அதே பணம். அவள் எழுதியதும் அதே தேர்வு. சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்கு அனுப்பத் துணையில்லை என்ற ஒன்றுக்காகவே அழைப்பைத் தவறவிட்ட பெண்கள் நம் பங்குகளில் உண்டு. முதற்கட்டத் தேர்வுகளும் நேர்முகங்களும் இப்போது பெரும்பாலும் இணைய வழியே நடக்கின்றன. வீட்டில் ஓர் அமைதியான மூலையும் தடைபடாத இணைப்பும் அவளுக்குத் தரலாமே. அந்த ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவைப்பதும் உதவிதான். வேலை கிடைத்தபின் தங்குமிடம் பற்றிய அச்சம் நியாயமானது. கன்னியர் நடத்தும் விடுதிகள் சென்னையில் உள்ளன. அரசின் 'தோழி' விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் இயங்குகின்றன. தாயும் தந்தையும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வந்தால் பாதி அச்சம் தீரும்.

இறுதியாக, நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென்றே உள்ள ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் கொடுத்த பெயர் ஒன்று, வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று. மதிப்பெண் பட்டியலில் 'அ. ஆரோக்கியராஜ்', ஆதாரில் வேறு எழுத்துக்கூட்டு, வருமானவரி 'பான்' அட்டையில் முன்னெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரும் சேர்ந்து இன்னொன்று. நிறுவனங்கள் பணியில் சேர்க்குமுன் எல்லா ஆவணங்களையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றன. பெயர் மாறுபட்டால் உத்தரவு அங்கேயே நின்றுவிடும். சிறு பிழையானால் ஆதாரையும் பான் அட்டையையும் மதிப்பெண் பட்டியலுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம். பெயரே வேறானால், சென்னையிலுள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வழியாகத் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். விண்ணப்பம், கட்டணம், சான்றொப்பம் என்று அதற்குச் சில வாரங்களாவது பிடிக்கும். உத்தரவு வந்தபின் தொடங்கினால் நாள் போதாது. காத்திருக்கும் இந்த மாதங்களிலேயே எல்லாத் தாள்களையும் மேசைமேல் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.